ஆத்தாவே பட்டினி கிடக்கும் 28 நாள்: சமயபுரம் மாரியம்மன் விரதத்தின் கதை

திருச்சி:

சாமிக்கு வேண்டிக்கொண்டு பக்தர்கள் விரதம் இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. பக்தர்களுக்காக சாமியே பட்டினி கிடக்கும் ஊர் எது தெரியுமா? நம்ம சமயபுரம்தான்.

மாசி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல். பூக்கூடை, தட்டு, லாரி என்று வந்து சேரும் பூவெல்லாம் அம்மன் மேல் மழையாகக் கொட்டும். அன்றைக்கே அம்மன் விரதமும் தொடங்கிவிடும். பங்குனி கடைசி ஞாயிறு வரை 28 நாள். இதற்குப் பெயர் 'பச்சைப் பட்டினி விரதம்'.

உலக மக்களுக்கு நோய் நொடி வரக்கூடாது, ஊர் செழிக்க வேண்டும் என்று ஆத்தா தன் வயிற்றைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஐதீகம்.

இந்த 28 நாளும் கோவிலில் வழக்கமான தளிகை கிடையாது. பொங்கல் இல்லை, புளியோதரை இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், வெள்ளரிப்பிஞ்சு போன்றவைதான் நைவேத்தியம்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது அம்மை போட்டால் பாட்டி என்னென்ன கொடுக்கச் சொல்வார்? இளநீர், மோர், வெள்ளரிப்பிஞ்சு. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது என்று சொல்வார்.

அதேதான். துள்ளுமாவு என்பது ஊறவைத்த பச்சரிசியை இடித்து வெல்லம் கலப்பது. பானகம் வெல்லத் தண்ணீர். இதில் எதற்கும் அடுப்பு தேவையில்லை. அம்மை கண்ட வீட்டில் நோயாளிக்கு என்ன பத்தியமோ, அதே பத்தியத்தைத்தான் அம்மனும் இருக்கிறாள்.

நோயைத் தருகிறவளும் அவள், தீர்க்கிறவளும் அவள், நம்மோடு சேர்ந்து படுக்கையில் கிடக்கிறவளும் அவளே. மாரியம்மன் கதை முழுக்க இந்த மூன்றும் சேர்ந்தே வருகிறது.

'அம்மை' என்றாலே தாய்தானே!

நோய்க்குத் தாயின் பெயரை வைத்த ஜனங்கள் நாம். 'அம்மை' என்றால் அம்மா. உடம்பில் கிளம்பும் கொப்புளத்துக்கு 'முத்து' என்று பெயர். 'முத்து போட்டிருக்கு', 'முத்து இறங்குது' என்றுதான் இன்றைக்கும் சொல்லுவாங்க. முத்துமாரி என்ற பெயரே அதிலிருந்துதான்.

'மாரி' என்றால் மழை. பழைய தமிழிலேயே இருக்கிற சொல். மழை பெய்யாவிட்டால் பஞ்சம். வெயில் ஏறினால் நோய். மாசி, பங்குனி, சித்திரை என்று வெயில் ஏறும் மாதங்களில் ஊர் ஊராக மாரியம்மன் திருவிழா நடப்பதன் காரணம் புரிகிறதா? பயிரும் உயிரும் தண்ணீருக்கு ஏங்குகிற காலம் அது. 'ஆத்தா, குளிர்ச்சியாயிரு' என்று தண்ணீர் ஊற்றி, வேப்பிலை கட்டி, மோர் படைத்துக் கேட்கிறார்கள்.

அம்மை கண்டவரை அந்தக் காலத்தில் நோயாளி என்று யாரும் சொன்னதில்லை. 'ஆத்தா இறங்கியிருக்கா' என்பார்கள். படுத்திருக்கும் பிள்ளையைத் திட்டக்கூடாது. தலைமாட்டில் உட்கார்ந்து மாரியம்மன் தாலாட்டு படிப்பார்கள். குழந்தையைத் தூங்க வைக்கத்தான் தாலாட்டு. இங்கே ஊருக்கே தாயானவளைத் தாலாட்டித் தூங்க வைக்கிறார்கள். அவள் தூங்கினால் பிள்ளை பிழைக்கும்.

பெற்ற பிள்ளை கொப்புளத்தோடு கிடக்க, மருந்தும் இல்லாமல், விடிய விடிய பாட்டுப் படித்த தாய்மார்களை நினைத்தால் அந்தப் பாட்டின் அர்த்தம் தெரியும்.

தலை ஒருத்திக்கு, உடல் ஒருத்திக்கு!

மாரியம்மன் யார்? கேட்டால் ஊருக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அதிகம் சொல்லப்படுவது ரேணுகாதேவி கதை.

ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. பரசுராமரின் தாய். தினமும் ஆற்றங்கரைக்குப் போவாள். பச்சை மண்ணைக் கையால் பிசைந்து குடம் செய்து, சுடாத அந்தக் குடத்திலேயே தண்ணீர் எடுத்து வருவாள். கற்பின் வலிமையால் குடம் கரையாது.

ஒரு நாள் வானத்தில் போன கந்தர்வனின் உருவம் தண்ணீரில் தெரிந்தது. 'இப்படியும் ஒரு அழகா' என்று ஒரு நொடி நினைத்தாள். அவ்வளவுதான். குடம் கரைந்து போனது.

முனிவருக்கு ஆத்திரம். 'தாயின் தலையை வெட்டு' என்று பிள்ளைகளிடம் சொன்னார். மற்ற பிள்ளைகள் மறுத்தார்கள். பரசுராமர் கோடாரியை எடுத்தார்.

மகாபாரதத்தில் இந்தக் கதை சுருக்கமாகவே முடிந்துவிடும். பரசுராமர் வரம் கேட்கிறார், தாய் உயிரோடு எழுந்துவிடுகிறாள். ஆனால் நம்ம ஊர்ப் பக்கம் சொல்லும் கதை அதோடு நிற்காது.

வெட்ட வந்த மகனைக் கண்டு ரேணுகா ஓடுகிறாள். ஊருக்கு வெளியே குடியிருந்த ஒடுக்கப்பட்ட சாதிப் பெண் ஒருத்தி அவளைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறாள். ஓங்கிய கோடாரியில் இரண்டு தலையும் விழுகிறது. அப்புறம் அப்பாவிடம் வரம் வாங்கி, அவசரத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறார் பரசுராமர். ரேணுகாவின் தலையும் அந்தப் பெண்ணின் உடலும் சேர்ந்து எழுந்தவள்தான் மாரியம்மன். இன்னொருத்தி எல்லையம்மன்.

இந்தக் கதையைச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. தலை முனிவர் குடிசையில் இருந்து வந்தது. உடல் சேரியில் இருந்து வந்தது. ஒன்றை விட்டால் இன்னொன்று இல்லை. ஆனால் அதே மாரியம்மன் தேர் எங்கள் தெருவுக்கு வரவேண்டும், கோவிலுக்குள் நாங்களும் நுழையவேண்டும் என்று கேட்ட ஜனங்கள் எத்தனை ஊரில் அடி வாங்கியிருக்கிறார்கள்! அம்மனின் உடம்பு யாருடையது என்று கதை சொன்னவர்களே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் வைகாசி 1-ந்தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா பார்த்திருக்கிறீர்களா? அம்மனின் தலையை மட்டும் ஊர்வலமாகக் கொண்டுவந்து, கோவிலில் உடலோடு பொருத்துவார்கள். பல கோவில்களில் அம்மன் சிலைக்கு முன்னால் தரையில் தலை மட்டும் தனியாக இருக்கும். அதற்கும் வெட்டுப்பட்ட ரேணுகா கதையைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள்.

கூழும் வேப்பிலையும் வந்தது எப்படி?

ரேணுகா கதையில் இன்னொரு பகுதியும் உண்டு. விரதத்துக்கும் அம்மைக்கும் முடிச்சுப் போடுவது இதுதான்.

கார்த்தவீரியன் என்ற மன்னனின் பிள்ளைகள் ஜமதக்னியைக் கொன்றுவிடுகிறார்கள். கணவர் சிதையில் ரேணுகாவும் விழுகிறாள். அப்போது இந்திரன் மழையைப் பொழிய வைக்கிறான். தீ அணைந்துவிடுகிறது. அரைகுறையாக வெந்த உடம்போடு ரேணுகா எழுந்து வருகிறாள். உடம்பெல்லாம் தீக்கொப்புளம். கட்டியிருந்த துணி எரிந்துபோனது.

பக்கத்தில் இருந்த வேப்பமரத்துத் தழையைப் பறித்து உடம்பைச் சுற்றிக்கொள்கிறாள். பசி தாங்க முடியவில்லை. ஏழை ஜனங்கள் குடியிருந்த தெருவுக்குப் போய் கை நீட்டுகிறாள். அவர்களிடம் என்ன இருக்கும்? பச்சரிசி மாவு, வெல்லம், இளநீர், கூழ். இருந்ததைக் கொடுத்தார்கள்.

சிவபெருமான் தோன்றி, 'உன் உடம்பின் கொப்புளம் மக்களுக்கு அம்மையாக வரும். நீ கட்டிய வேப்பிலையே அதற்கு மருந்து. நீ சாப்பிட்டதே உனக்குப் படையல்' என்று வரம் கொடுத்தார் என்று கதை முடிகிறது.

ஆடி மாதம் சென்னையில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுகிறார்களே, அதற்குச் சொல்லப்படும் காரணம் இதுதான். பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டி வலம் வருகிறார்களே, அதுவும் இதே கதைதான். கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் எந்தப் பெரிய கோவில் மடப்பள்ளியிலும் கிடைக்காது. இது கூலி வேலைக்குப் போகிற வீட்டுச் சாப்பாடு. ஆத்தா அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

ஸ்ரீரங்கத்து அண்ணன், சமயபுரத்துத் தங்கை

சமயபுரத்துக்குத் திரும்புவோம். திருச்சியில் இருந்து சென்னை போகும் வழியில் சுமார் 15 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பழைய பெயர் கண்ணனூர். 13-ம் நூற்றாண்டில் ஹொய்சள மன்னர்கள் இங்கே தலைநகரே வைத்திருந்தார்கள். அவர்கள் கட்டிய போஜீஸ்வரர் கோவில் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மாரியம்மனைப் பார்க்க வருகிற கூட்டத்தில் பாதிப்பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இந்த அம்மன் முதலில் ஸ்ரீரங்கத்தில் வைஷ்ணவியாக இருந்தாளாம். பார்வையில் உக்கிரம் தாங்க முடியவில்லை. அங்கிருந்த ஜீயர் சிலையை வெளியே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். தூக்கி வந்தவர்கள் முதலில் இறக்கி வைத்த இடம் இனாம்சமயபுரம். அங்கே ஆதி மாரியம்மன் கோவில் இருக்கிறது. அதை அம்மனின் தாய் வீடு என்று சொல்வார்கள். அப்புறம் கண்ணனூர் காட்டில் ஓலைக்கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்கள். பிற்பாடு விஜயநகரப் படை அந்த வழியாக வந்தபோது, போரில் ஜெயித்தால் கோவில் கட்டுகிறோம் என்று வேண்டிக்கொண்டது என்கிறது தல வரலாறு. கோவில் பெரிதாக எழுந்தது நாயக்க மன்னர் விஜயரங்க சொக்கநாதர் காலத்தில். அவர் ஆட்சி 1706 முதல் 1732 வரை.

வீட்டை விட்டு அனுப்பினாலும் உறவு விட்டுப்போகுமா? தைப்பூசத்தன்று சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவாள். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோவிலில் இருந்து தங்கைக்குச் சீர்வரிசை வரும். புடவை, மாலை, மங்கலப் பொருட்கள் எல்லாம் அண்ணன் வீட்டில் இருந்து வந்து இறங்கும். பொங்கலுக்கு அண்ணன் சீர் வருமா வராதா என்று வாசலைப் பார்த்து நிற்கும் பெண்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

மூலவர் அம்மன் எட்டு கைகளோடு உட்கார்ந்த கோலத்தில் இருக்கிறாள். சிலை கல் அல்ல. மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதை உருவம். அதனால் மூலவருக்கு அபிஷேகம் கிடையாது. பாலும் தயிரும் எல்லாம் உற்சவர் அம்மனுக்குத்தான். 'நான் கொண்டுவந்த பாலை மூலவருக்கு ஊற்றவில்லை' என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

நேர்த்திக்கடன்களில் அக்னிச்சட்டி, அலகு, மாவிளக்கு எல்லா ஊரிலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது கரும்புத் தொட்டில். பிள்ளை வரம் கேட்டுக் கிடைத்தவர்கள், கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, குழந்தையைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் தோளில் தூக்கிக்கொண்டு கோவிலைச் சுற்றி வருவார்கள். உடம்பில் மரு, கட்டி உள்ளவர்கள் உப்பும் மிளகும் போடுவார்கள். கண் கோளாறு என்றால் கண்மலர் சாத்துவார்கள். எந்த உறுப்பில் நோயோ அந்த உருவத்தைத் தகட்டில் வாங்கிச் செலுத்துவார்கள்.

பெரியம்மை போய்விட்டது, சின்னம்மை இருக்கிறது

மாரியம்மனைப் பார்த்து ஜனங்கள் நடுங்கியதற்குக் காரணம் பெரியம்மை. வந்தால் பத்தில் மூன்று பேர் சாவு. பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் தழும்பு. சிலருக்குக் கண் போய்விடும்.

அந்த நோய் இப்போது உலகத்திலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக 1975-ல் பெரியம்மை வந்தது. 1977-ல் இந்தியாவில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 1980-ல் உலகம் முழுக்க ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. வீட்டில் 1970-களின் நடுவில் அல்லது அதற்கு முன் பிறந்தவர்கள் இருந்தால் மேல்கையைப் பாருங்கள். வட்டமாக, பெரிய தழும்பு இருக்கலாம். அதுதான் அம்மை குத்திய தழும்பு. அம்மை குத்துகிறவர் தெருமுனையில் வந்தாலே கதவைச் சாத்திக்கொண்டு ஓடிய கதையைத் தாத்தா பாட்டிகள் சொல்வார்கள். ஆத்தாவுக்குக் கோபம் வந்துவிடுமோ என்ற பயம்.

இப்போது வீடுகளில் வருவது சின்னம்மை. மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மையும் உண்டு. பயம் குறைந்துவிட்டது, பழைய வழக்கம் அப்படியே இருக்கிறது. அந்த வழக்கத்தில் நல்லதும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

வாசலில் வேப்பிலை சொருகுவது நல்ல வழக்கம். 'இந்த வீட்டில் அம்மை இருக்கு, உள்ளே வராதீங்க' என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்புப் பலகை அது. சின்னம்மை காற்றிலும் பரவும், தொட்டாலும் பரவும். கொப்புளம் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே, எல்லாம் காய்ந்து பொருக்கு கட்டும் வரை பரவும். நோயாளியைத் தனியாகப் படுக்க வைப்பது, வெளியே அனுப்பாமல் இருப்பது, இளநீரும் மோரும் கொடுப்பது எல்லாம் டாக்டர்களும் சொல்வதுதான்.

ஆபத்து எது? 'ஆத்தா போட்டிருக்கா, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது, ஊசி மருந்து ஆகாது' என்று வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவது. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் கடுமையாக இருக்கும். நுரையீரலைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணி, பிறந்த குழந்தை, சர்க்கரை நோயாளி, புற்றுநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் ஆகியோருக்கு அம்மை போட்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக்கூடாது. முத்து கிளம்பிய முதல் நாளே ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும் மாத்திரை இருக்கிறது. மூச்சு வாங்குவது, விடாத வாந்தி, மயக்கம், பிதற்றல் எதைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். காய்ச்சலுக்கு மெடிக்கலில் ஆஸ்பிரின் வாங்கி அம்மை கண்ட பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

தட்டம்மைக்கு அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசத் தடுப்பூசி இருக்கிறது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி இன்னொன்று. சின்னம்மைக்கும் தடுப்பூசி உண்டு. தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டால் ஆத்தா கோபிப்பாளா என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தச் சிலையே மூலிகையால் செய்ததுதானே? வேப்பிலையும் மஞ்சளும் அந்தக் காலத்து ஜனங்கள் கைக்கு எட்டிய மருந்து. மருந்தையே உடம்பாக வைத்திருப்பவள் மருந்துக்கு ஏன் கோபிக்கப் போகிறாள்?

தேருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

பங்குனி கடைசி ஞாயிறு அம்மன் விரதம் முடிகிறது. சித்திரைத் திருவிழா கொடியேற்றமும் அன்றுதான். சித்திரை முதல் செவ்வாய்க்கிழமை தேரோட்டம். பெரம்பலூர், அரியலூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று நாலா பக்கமும் இருந்து மஞ்சள் சேலை, மஞ்சள் வேட்டியோடு லட்சக்கணக்கானோர் நடந்தே வருவார்கள். இரவில் நெடுஞ்சாலையில் நடக்கிறவர்கள் எதிரே வரும் வண்டி தெரியும்படி ஓரமாக, கையில் டார்ச்சோடு நடப்பது நல்லது.

திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இருந்து சமயபுரத்துக்கு டவுன் பஸ் உண்டு. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு, அமாவாசை நாட்களில் தரிசனத்துக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். கைக்குழந்தைக்காரர்கள் மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடலாம்.

அம்மை இறங்கியதும் முதல் வேலையாகக் கோவிலுக்கு ஓடுகிறவர்கள், பொருக்கு முழுசாகக் காயும் வரை வீட்டிலேயே இருங்கள். அந்தக் கூட்டத்தில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் நிறையப் பேர் இருப்பார்கள். வேண்டுதலுக்குக் கெடு எதுவும் இல்லை. வைகாசியில் போய் மாவிளக்கு போட்டாலும் சமயபுரத்தாள் வாங்கிக்கொள்வாள்.